கிராணியைக் கேளுங்கள்: மூன்று ஓயென்களும் ஒரு நோட்டும்

தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், சிறுதொழில் கணக்கு, பதிவேடு பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். வெளியூர் போகிறவர்களின் பூனை, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் தொழில் செய்கிறேன். பூனைகள் என் வீட்டிலேயே தங்கும். நாய் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு நானோ தங்கையோ காலையும் மாலையும் அந்த வீட்டுக்கே போய்ச் சோறு வைத்து, நடக்க விட்டுவிட்டு வருவோம். கணக்கெல்லாம் ஒரு நோட்டிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) தான். பெருநாள் வந்தால் தலை சுற்றுகிறது. அண்ணன் மகன் அமெரிக்க மென்பொருள் ஒன்றுக்கு மாதக் கட்டணம் கட்டச் சொல்கிறான். மகளோ எக்செல் போதும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அந்தப் பக்கத்தை அனுப்பினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. மூன்றாவது வரியில் "ஓயென், 4 நாள், மருந்து உண்டு, பணம் பாதி" என்று இருக்கிறது. ஏழாவது வரியில் "ஓயென் திங்கள் வருகிறது." அடியில் "ஓயென், டீச்சர் வீடு." இந்த நாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூனை பிறந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. சரி, எந்த ஓயெனுக்கு மருந்து? என்ன மருந்து, எத்தனை வேளை, சோற்றோடா வெறும் வயிற்றிலா? பாதிப் பணம் வந்துவிட்டதா, வரவேண்டியதா? உங்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் அன்று உங்கள் தங்கை அந்த நோட்டைத் திறந்தால் அவருக்கு எதுவும் விளங்காது.

நான் இருந்த ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் முனியம்மா என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஆளுக்கு ஓர் எண். கல்யாணமாகி வேறு லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) குடி போனாலும் எண் மாறாது. பால் எடை அந்த எண்ணுக்கு நேரே ஏறும். மாதக் கடைசியில் சம்பளமும் அதே எண்ணுக்குத்தான். உங்கள் விருந்தாளிகளுக்கும் எண் கொடுங்கள். டீச்சர் வீட்டு ஓயென் 017, மருந்து ஓயென் 023. மென்பொருள் எதுவானாலும் முதல் வேலை இதுதான்.

அடுத்தது, ஒரே வரியில் எல்லாவற்றையும் திணிக்காமல் பிரிப்பது. உரிமையாளருக்கு ஒரு தாள்: பெயர், தொலைபேசி, அவர் கிடைக்காவிட்டால் யாரை அழைப்பது, எந்தக் கால்நடை மருத்துவர், தன்னிடம் கேட்காமல் எத்தனை ரிங்கிட் வரை சிகிச்சைக்குச் செலவு செய்யலாம். இந்தக் கடைசி விவரத்தைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரு நாய் வாந்தி எடுக்கும்போது இங்கிருந்து ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். உரிமையாளரோ அந்த நேரத்தில் விமானத்தில் இருப்பார். விலங்குக்கு இன்னொரு தாள்: எண், நிறம், எடை, தடுப்பூசி போட்ட தேதி, அடுத்த ஊசி எப்போது, என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், கடிக்குமா. மூன்றாவது தாளில் ஒவ்வொரு தங்கலும்: வந்த தேதி, போன தேதி, எந்த அறை, பேசிய தொகை, முன்பணம், மீதி. நான்காவது, தினசரித் தாள். அதைப் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருப்பதால் அங்கே சொல்கிறேன்.

இந்த நான்கு தாளுக்கு இன்றைக்குக் காசு தேவையில்லை. மகள் சொல்வது சரி. ஆனால் வீட்டுக் கணினியில் மட்டும் கிடக்கும் எக்செல் கோப்பு வேண்டாம். நீங்கள் ஒரு வீட்டில், தங்கை ஒரு வீட்டில் நிற்கும்போது இருவர் கையிலும் ஒரே தாள் இருக்க வேண்டும். எக்செல் போலவே இணையத்தில் இருக்கும் கூகள் சீட்ஸ் அதைச் செய்யும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் வைத்திருக்கும். அக்காள் தங்கைக்குள் வழக்கு வராமல் இருக்க அது உதவும். தோட்டத்து ஓரத்தில் லைன் கிடைக்காத வீடுகள் உண்டு என்பதால், கைப்பேசியில் இணையம் இல்லாமலும் கோப்பு திறக்கும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபிதான். தாள்கள் அதில் ஒரு மூலையைக்கூட நிரப்பா. பூனைக் காணொளிகள் நிரப்பிவிடும். வாரம் ஒருமுறை அவற்றைக் கழித்துக் கட்டுங்கள்.

சீட்ஸில் ஆரம்பத்திலேயே இரண்டு இடத்தில் கை வையுங்கள். தொலைபேசி எண் பத்தியை எளிய உரை வடிவத்துக்கு மாற்றாவிட்டால் 012-இல் தொடங்கும் எண்ணின் முன்னாலிருக்கும் பூச்சியத்தை அது விழுங்கிவிடும். கோப்பின் அமைப்புகளில் நாட்டை மலேசியா என்று மாற்றாவிட்டால் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துப் படித்துவிடலாம். 4/7 என்று நீங்கள் எழுதியது ஜூலை 4. அது ஏப்ரல் 7 என்று எடுத்துக்கொள்ளும். தடுப்பூசித் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் வாடிக்கையாளரிடம் நீங்கள்தான் அசடு வழிய வேண்டும்.

இனி அண்ணன் மகனுக்கு. அவர் சொல்லும் வகை மென்பொருளைக் கேலி செய்ய மாட்டேன். டைம் டு பெட், பிரிசைஸ் பெட்கேர் போன்றவை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்றே அமெரிக்காவில் உருவானவை. ஜிஞ்சர் (Gingr) போன்றவை விலங்கு விடுதிகளையும் பகல் பராமரிப்பு நிலையங்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எந்த வேலையாள் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார் என்று குறிப்பது, போன இடத்திலிருந்தே படத்தோடு உரிமையாளருக்குச் செய்தி அனுப்புவது, பில் போடுவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஒரே நேரத்தில் பல வீட்டுச் சாவிகள் பல கைகளில் சுற்றத் தொடங்கும் அன்று அது காசுக்கு உதவும். உங்கள் வீட்டில் இப்போது இருப்பது இரண்டு சோடிக் கைகள். மாதக் கட்டணமோ டாலரில். நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள், தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறை ஆகியவற்றைத் தவிர்த்த மற்ற மாதங்களில் எத்தனை விலங்குகள் வருகின்றன என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பூனை வராத மாதத்திலும் கட்டணம் மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

அண்ணன் மகன் விடமாட்டேன் என்றால் இலவசச் சோதனைக் காலத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளரை அதில் ஏற்றச் சொல்லுங்கள். ஒற்றைப் பூனை வீடு வேண்டாம். மூன்று விலங்கு, ஒன்றுக்கு மருந்து, பாதிப் பணம் பாக்கி, நடுவில் இரண்டு நாள் தங்கலை நீட்டித்தவர் என்று சிக்கலான ஆளாகப் பார்த்து ஏற்ற வேண்டும். எடையைக் கிலோவில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பவுண்டு கேட்கும் கட்டத்தில் பழக்கதோஷத்தில் 4 என்று தட்டினால், நான்கு கிலோப் பூனை 1.8 கிலோக் குட்டியாகிவிடும். மருந்தளவை அந்த எடையைப் பார்த்து யாராவது சொன்னால் விபரீதம். வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆரில் வந்த பணத்தையும் கையில் வாங்கிய ரொக்கத்தையும் அதில் குறிக்க வழி உண்டா? நம் ஊரில் கடன் அட்டையை நீட்டிப் பூனையை விட்டுவிட்டுப் போகிறவர் யார்? தமிழில் எழுதிய குறிப்பைத் தேடினால் கண்டுபிடிக்கிறதா?

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொன்றில் தேறாவிட்டால் நான் வாங்க மாட்டேன். உள்ளே போட்ட எல்லாவற்றையும் ஒரே அழுத்தில், எக்செல், சீட்ஸ் எதிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுத் தங்கல் வரலாற்றையும் குறிப்புகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு நாய் அலங்காரக் கடை இப்படித்தான் மாட்டிக்கொண்டது. மென்பொருள் நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போனது. அறிவிப்பு வந்த மின்னஞ்சலை யாரும் திறக்கவில்லை. எந்த நாய்க்கு எந்த ஷாம்பு ஒவ்வாது என்பது வரை எழுதிவைத்திருந்தார்கள். எல்லாம் போயிற்று. சேரும் அன்றே வெளியே வரும் கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

புலனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தி சொல்ல அது அருமையான சாதனம். அதன் வணிகச் செயலியில் வாடிக்கையாளர்களுக்கு வண்ண அடையாளம் ஒட்டலாம், அடிக்கடி அனுப்பும் பதிலைச் சேமித்து வைக்கலாம். ஆனால் பதிவேடு வேலைக்கு ஆகாது. "வழக்கம்போல அரை மாத்திரை" என்று உரிமையாளர் அனுப்பிய செய்தி இரண்டு வாரத்தில் நூறு வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். வந்த அன்றே விலங்கின் தாளில் ஏற்றிவிடுங்கள்.

கடைசியாகச் சாவி. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு வீட்டு முகவரி, அவர்கள் ஊரில் இல்லாத தேதி, ஒரு கேட்டின் இரகசிய எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பார்த்தவுடன் அழித்துவிட்டேன். திருடனுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. சாவியில் எண்ணை மட்டும் கட்டுங்கள்; முகவரி, பெயர் எதுவும் வேண்டாம். அலார எண்ணைத் தாளில் எழுதாமல் வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். சீட்ஸ் கோப்பை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விடாமல் தங்கையின் மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். கூகள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. வியாபாரத்துக்காக வாங்கிய பெயரையும் முகவரியையும் வாங்கிய காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

கேள்வி: நானும் இதே தொழில்தான். ஒரு வாடிக்கையாளர் பூனையைத் திரும்ப வாங்கும்போது "இளைத்துவிட்டதே, சோறு வைத்தீர்களா?" என்று கேட்டுவிட்டார். மனம் உடைந்துவிட்டது. தினமும் எதை எழுதிவைத்தால் இந்தப் பேச்சு வராது?
வாசகி, கோலகங்சார்

பதில்: தங்கையே, மனத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் ஒரு தராசு வாங்குங்கள். குழந்தைகளை நிறுக்கும் டிஜிட்டல் தராசு பூனைக்குச் சரியாக இருக்கும். பூனை உள்ளே வரும்போது உரிமையாளர் கண்முன்னே நிறுத்து, எண்ணை அவரையே படிக்கச் சொல்லி எழுதுங்கள். போகும்போதும் அப்படியே. எடை குறைந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடலாம், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தினசரித் தாளில் கதை எழுத வேண்டியதில்லை. வைத்த சோறு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, தண்ணீர், சிறுநீர், மலம், வாந்தி, மருந்து கொடுத்த நேரம், கொடுத்தவரின் முதலெழுத்து. இவ்வளவுதான். மிச்சத்தை "முழுவதும், பாதி, தொடவில்லை" என்று மூன்றாகப் பிரித்துத் தெரிவுப்பட்டியாக வைத்துவிட்டால் தட்டினால் போதும். "நன்றாகச் சாப்பிட்டது" என்று யாரும் எழுதக் கூடாது. உங்களுக்கு நன்றாக என்றால் அரைக் கிண்ணம், வேலைக்கு வரும் பெண்ணுக்கு நன்றாக என்றால் இரண்டு வாய்.

இது வாய்த்தகராறுக்காக மட்டும் எழுதும் பதிவு என்று நினைத்துவிடாதீர்கள். பூனை புது இடத்தில் பட்டினி கிடக்கும் பிராணி. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்கு ஆபத்து அதிகம். "தொடவில்லை" என்பது இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி சீட்ஸில் நிபந்தனை வடிவம் போடலாம். உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை யாராவது இருந்தால் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய்க் குந்தியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர்க் கட்டம் இருப்பது அதற்காகத்தான்.

எந்த அறையில் எந்தத் தேதியில் யார் இருந்தார்கள் என்ற தங்கல் தாளையும் சோம்பல்படாமல் எழுதுங்கள். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற பார்வோ வகை நோய் தொற்றினால் அறிகுறி தெரியச் சில நாள் ஆகும், பத்து நாள்கூட ஆகலாம். வீட்டுக்குப் போன பிறகு ஒரு பூனைக்கு அந்த நோய் என்று செய்தி வந்தால், அதே நாளில் உங்கள் வீட்டில் தங்கிய மற்ற பூனைகளின் வீடுகளுக்கு அன்றே சொல்ல வேண்டும். அந்த வைரஸ் அறையில் பல மாதம் கிடக்கும். சாதாரண சோப்புக்கு அசையாது, குளோராக்ஸ் (வெளுப்பான்) கலந்த தண்ணீர் வேண்டும். யாரை அழைப்பது என்று புலனத்தில் தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

அந்த வாடிக்கையாளரை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வந்தால் தராசைக் காட்டுங்கள். வராவிட்டால் நல்லதுதான்.

கேள்வி: இந்தத் தொழிலைப் பதிவு செய்ய வேண்டுமா? பழைய ரசீதுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? வீட்டில் இடமில்லை என்று மனைவி தூக்கிப் போடச் சொல்கிறார்.
வாசகர், லிந்தாங்

பதில்: உங்கள் மனைவியிடம் ஒரு டப்பாவுக்கு மட்டும் இடம் கேளுங்கள். வருமான வரிச் சட்டம் 1967-இன்படி வியாபாரப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை ரசீதின் எழுத்து ஓராண்டில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, "2025 தீவனம்", "2025 மருந்து" என்று பெயரிட்ட கோப்புறையில் போட்டுவிடுங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். உங்கள் அடையாள அட்டைப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இந்தத் தொகைக்கு ஏன் இத்தனை பேர் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. சில மூட்டைப் பூனை மணலுக்கே இந்தத் தொகை ஆகிவிடும். விலங்குகளை வீட்டில் தங்க வைக்கிறவர் என்பதால், விலங்கு நலச் சட்டம் 2015-இன்கீழ் உரிமம் பற்றிக் கால்நடை சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும், வீட்டில் தொழில் நடத்துவது பற்றி நகராண்மைக் கழகத்திலும் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் குரைப்புச் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்த பிறகு போய் நிற்பது அழகல்ல.

தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். டூயிட்நவ் கியூஆர் அந்தக் கணக்குக்கே போகட்டும். மளிகைச் செலவும் பூனை வரவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் பிரித்துத் தர முடியாது.

கேள்வி: தட்டச்சு வராது ஐயா. கைப்பேசியில் பேசினால் தானே எழுதிக்கொள்கிறதே, அது போதாதா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகப் பேசுங்கள். தமிழில் பேசினால் கூகள் விசைப்பலகை ஓரளவு சரியாகவே எழுதுகிறது. "017 காலை சோறு பாதி" என்று சொன்னால் போதும். மருந்தின் பெயரை மட்டும் பேசி எழுதாதீர்கள். ஆங்கில மருந்துப் பெயரைத் தமிழ்ப் பேச்சாக எடுத்துக்கொண்டு அது என்னென்னவோ எழுதிவைக்கும். மாத்திரை அட்டையையும் மருத்துவர் ஒட்டிய சீட்டையும் படம் எடுத்து, அந்த விலங்கின் எண்ணிலேயே சேமியுங்கள். பேசி முடித்ததும் எழுத்தை ஒருமுறை படியுங்கள். நாய் குரைக்கும்போது பேசியிருந்தால் இரண்டுமுறை படியுங்கள்.